உத்திரத்தின் கடைசிக் கோடு

லெய்ஜோவ், கடலோர உப்பு அலுவலகம்
குரங்கு ஆண்டு, முதல் மாதம், இருபதாம் நாள்

அக்காவுக்கு,

மூன்றாவது மனுவும் திரும்பி வந்துவிட்டது. தந்தைக்கு வயது எழுபத்தெட்டு, விடாத இருமல், ஒருமுறை பார்த்துவிட்டு வர அனுமதி வேண்டும் என்று எவ்வளவு பணிவாக எழுத முடியுமோ அவ்வளவு பணிவாக எழுதியிருந்தேன். அடியில் ஒரே வரி எழுதித் திருப்பியிருக்கிறார்கள்: ‘தந்தை உயிருடன் இருக்கிறார். காரணம் போதாது.’

இங்கே என்னோடு வேலை பார்க்கும் எழுத்தர் மோ அதை வாங்கிப் படித்தான். வாயிலிருந்த வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு, “இதுல புதுசா என்ன ஐயா இருக்கு? அப்பா செத்தா இருபத்தேழு மாசம் பதவிய விட்டுட்டு வீட்ல உக்காரணும். உக்காரலேன்னா குத்தம். உயிரோட இருந்தா ஒரு நாள்கூடக் கெடையாது. சட்டம் அப்படி,” என்றான். அவன் சொன்னதில் தவறே இல்லை. ஆனாலும் அவன் கையிலிருந்து மனுவைப் பிடுங்கிக்கொண்டேன்.

ஐந்து வருடமாகிறது. தலைநகரத்துச் சுவடிச்சாலையில் உட்கார்ந்து பழைய வரலாறுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தவன், இங்கே உப்பு மூட்டைக்கு முத்திரை குத்துகிறேன். முதலமைச்சரின் உல்லாசப் படகைக் கரையிலிருந்து கயிறு கட்டி இழுத்தவர்களைப் பற்றி எட்டு வரி எழுதினேன். எட்டே வரி. இழுத்தவர்கள் இன்னும் இழுத்துக்கொண்டுதான் இருப்பார்கள். நான்தான் இங்கே வந்து கிடக்கிறேன்.

இந்த ஊர்க்காரர்கள் நல்லவர்கள். சிப்பி கொண்டுவந்து கொடுக்கிறார்கள். நான் பேசினால் சிரிக்கிறார்கள். கவிதை என்று வாயெடுத்தால் மோ கொட்டாவி விடுகிறான். போன மாதக் காய்ச்சலில் நான் படுத்திருந்தபோது ஆறு நாள் என் குரலைத் தவிர வேறு குரல் கேட்கவில்லை. காலையில் எழுந்து வெளியே வந்தால் பனித்துளிகூட இளஞ்சூடாக இருக்கிறது.

அப்பாவுக்கு ஒரு கவிதை. வழக்கம்போல இதே ஈற்றுச் சொற்களை, இதே வரிசையில் வைத்துப் பதில் எழுதச் சொல்.

வாசலைத் தொட்டுத் திரும்பும் அலை
வாரம் ஒருமுறை நரைக்கும் தலை
வடக்கே பறக்கும் நாரையின் நிலை
வாய்க்குமா எனக்கு? உதிருது இலை.

அவரை ஒருமுறை பார்க்க வேண்டும், அக்கா. வேறு எதுவும் வேண்டாம்.

தம்பி ஷுவோ

*

ஹூஜோவ், வீடு
மூன்றாம் மாதம், பதினெட்டாம் நாள்

மூணாமவனுக்கு,

உன்னை அலுவலகப் பெயர் சொல்லி அழைக்க ஊரில் ஆயிரம் பேர் இருப்பார்கள். எனக்கு நீ மூன்றாவதாகப் பிறந்தவன், அவ்வளவுதான்.

உன் கடிதத்தால் இந்த வீட்டில் ஒரு வேளைச் சாப்பாடு வீணானது. ‘பனித்துளி’ என்று எழுதினாயே, அது யாருடைய பெயரில் இருக்கும் எழுத்து என்று நினைவிருக்கிறதா? தாத்தாவின் பெயர். இறந்தவர் பெயருக்குரிய எழுத்தை எங்கே எழுதினாலும் கடைசிக் கோட்டைப் போடாமல் விட வேண்டும் என்று உனக்கு ஆறு வயதில் அப்பா சொல்லிக்கொடுத்தார். அரண்மனைத் தேர்வு எழுதித் தேறியவன் நீ. முழுதாக எழுதி அனுப்பியிருக்கிறாய். அப்பா கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு, “கடக்காத்து பட்டா மனுஷனுக்கு எழுத்துகூட மறந்து போகுமா?” என்று கேட்டார். பிறகு நான் நண்டுக் குழம்பைச் சுட வைத்துக் கொண்டுபோய்க் கெஞ்சினேன். அதற்கும் ஒரு பேச்சு: “என் எழுத்தையாவது ஒழுங்கா எழுதச் சொல்லு. நான் இருக்கிற வரைக்கும் முழு உத்திரம். ஒரு கோடு கொறஞ்சா நான் போயிட்டேன்னு அர்த்தம். அதுக்கு முன்னாடி எவனும் கொறைக்க வேணாம்.”

உத்திரம் என்றதும் நினைவுக்கு வருகிறது. கூடத்து உத்திரத்தைக் கரையான் அரித்துவிட்டது. தச்சர் காவ் வந்து தட்டிப் பார்த்தார். அப்பாவின் பெயரும் வீட்டைத் தாங்கும் கட்டையும் ஒரே எழுத்தாகப் போனதால், அவர் பெற்ற பிள்ளை நான் வாய்விட்டு அந்தச் சொல்லைச் சொல்ல முடியாது. “மேல இருக்கிறது” என்றேன். தச்சர் கூரை ஓடுகளைப் பார்த்தார். “அதுக்குக் கீழ” என்றேன். சுவரைப் பார்த்தார். உள்ளே படுத்திருந்த அப்பா இருமலோடு கத்தினார்: “என்னைத்தான்யா சொல்றா. என்னைக் கரையான் அரிச்சிருச்சாம்.” தச்சர் சிரித்ததில் ஏணி ஆடியது.

மாற்ற வேண்டும் என்கிறார் தச்சர். பிள்ளை வந்த பிறகு மாற்றலாம் என்கிறார் அப்பா.

வெயில் காலத்தில் நீ மலைக் கணவாய் வழியாக வரக்கூடாது என்பதில் மட்டும் அவர் பிடிவாதமாக இருக்கிறார். போன வருடம் அந்த வழியில் வந்த இரண்டு அதிகாரிகளைக் காய்ச்சல் கொண்டுபோனது. “எது நடந்தாலும் பனி விழுந்த பிறகுதான் அவன் கெளம்பணும். எது நடந்தாலும்,” என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். உனக்கு அனுமதியே கிடைக்காதபோது இந்தச் சத்தியம் எதற்கு என்று கேட்டேன். போர்வையை இழுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

இதோ அவருடைய பதில் கவிதை. எழுதி முடித்துவிட்டு மூன்று முறை உரக்கப் படித்தார்.

அரசர் கருணை கடலின் அலை
அடங்கி நடந்தால் நிமிரும் தலை
அவசரம் இல்லா மனமே நிலை
ஆண்டு திரும்பும், துளிர்க்கும் இலை.

நான் ஒன்றும் சொல்லவில்லை. நீயும் ஒன்றும் சொல்லாதே.

அக்கா ஷூயிங்

*

ஹூஜோவ்
நான்காம் மாதம், இருபத்தாறாம் நாள்

மூணாமவனுக்கு,

உன் பதில் வருவதற்குள் இன்னொரு கடிதம். உப்புப் படகு தெற்கே போகிறது, சும்மா போக வேண்டாமே என்று.

அப்பா நலம். மேசைக்கு வந்து உட்கார முடிவதில்லை, அதனால் அவர் சொல்ல நான் எழுதுகிறேன். இந்த வருடம் பட்டுப்புழு வளர்க்கவில்லை. இலை வாசம் இருமலைக் கிளப்புகிறது.

தச்சர் வந்து உத்திரத்துக்கு அடியில் ஒரு முட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். இரண்டு வருடம் தாங்கும் என்கிறார். குருவிகள் அதே உத்திரத்தில் பழைய கூட்டைப் பூசிச் சரிசெய்து குஞ்சு பொரித்திருக்கின்றன. கூடம் முழுவதும் எச்சம். நான் துடைத்துக்கொண்டே இருக்கிறேன்.

உன் ஈற்றுச் சொற்களை வைத்து அப்பா இன்னொரு கவிதை சொன்னார்.

கேட்டுப் பழகிய காதில் அலை
கேளாத பக்கமே சாயும் தலை
கிண்ணம் இரண்டு வைப்பது நிலை
கிணற்றில் மிதக்குது போன வருட இலை.

உடம்பைப் பார்த்துக்கொள். வெயில் காலம் முடியட்டும்.

அக்கா

*

லெய்ஜோவ்
ஐந்தாம் மாதம், இருபத்தைந்தாம் நாள்

அக்காவுக்கு,

உன் மூன்றாம் மாதக் கடிதம் நேற்றுத்தான் வந்தது. பனித்துளிக்காக அப்பாவிடம் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டேன் என்று சொல். வடக்குப் பக்கம் திரும்பி உண்மையாகவே மண்டியிட்டேன். மோ பார்த்துவிட்டு ஏதோ தொலைந்துவிட்டதாக நினைத்து, அவனும் குனிந்து தேடினான்.

ஒரு செய்தி. இதை அப்பாவிடம் மெதுவாகச் சொல், ஒரேயடியாகச் சொல்லாதே. முதலமைச்சர் பதவியிலிருந்து விழுந்துவிட்டார். தலைநகரத்து நண்பர் எழுதியிருக்கிறார். அவரால் வெளியேற்றப்பட்டவர்களைத் திரும்ப அழைக்கப் பட்டியல் தயாராகிறதாம். என் பெயர் நான்காவதாக இருக்கிறதாம். மறுபடி அதே சுவடிச்சாலை. இலையுதிர் காலத்தில் ஆணை வரும். தலைநகரம் போகிற வழியில் பத்து நாள் வீட்டில் தங்கலாம். அதற்கு எவரிடமும் மனுப் போட வேண்டியதில்லை.

எனக்கு நாற்பத்தொன்பது வயது, அக்கா. இந்த முறை பெயர் விட்டுப்போனால் அடுத்த பட்டியலுக்கு நான் இருக்கமாட்டேன். இங்கே சிப்பி தின்றுகொண்டே செத்துப்போய், மோ வந்து என் நெஞ்சில் உப்பு முத்திரை குத்துவான். அப்படியெல்லாம் ஆகாது. இந்த முறை ஆகாது.

அப்பாவை இன்னும் நாலைந்து மாதம் தாங்கச் சொல். அவர் கவிதை அருமை என்று சொல். பொய்தான், ஆனாலும் சொல்.

தம்பி

*

லெய்ஜோவ்
ஏழாம் மாதம், இரண்டாம் நாள்

அக்காவுக்கு,

உன் நான்காம் மாதக் கடிதம் நான்கு நாளைக்கு முன் வந்தது. உடனே பதில் எழுத உட்கார்ந்தேன். அலுவலகத்தில் வேலை அதிகம். புயலில் கொட்டகை ஒன்று சாய்ந்துவிட்டது.

அப்பா நலமாக இருப்பதில் மகிழ்ச்சி. புதுக் கவிதை நன்றாக இருக்கிறது. மிகவும் நன்றாக இருக்கிறது. அப்பா இத்தனை வருடத்தில் கிண்ணத்தைப் பற்றி எழுதியதில்லை. வயதானால் சிலருக்குக் கை மாறும்போலும்.

உப்புப் படகில் உலர்ந்த லிச்சி ஒரு பொட்டலம் அனுப்பியிருக்கிறேன். அப்பாவுக்குக் கொடு. கொட்டையை எடுத்துவிட்டுக் கொடு.

தலைநகரத்திலிருந்து இன்னொரு கடிதம் வந்தது. பட்டியல் மேலே போய்விட்டது. ஒன்பதாம் மாதம், தவறினால் பத்தாம் மாதம். அதுவரை நான் இங்கேயே இருப்பதுதான் சரி. நீயும் வெயில் காலம் முடியட்டும் என்றுதான் எழுதியிருக்கிறாய்.

வேறு என்ன எழுதுவது. மழை. மோவின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. நான் காகிதத்தில் நல்வாக்கு எழுதிக் கொடுத்தேன். எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள். நான் சீக்கிரமே எழுந்து வந்துவிட்டேன்.

அப்பாவை விசாரித்ததாகச் சொல்.

தம்பி

*

ஹூஜோவ்
எட்டாம் மாதம், இருபத்தொன்பதாம் நாள்

மூணாமவனுக்கு,

உன் ஐந்தாம் மாதக் கடிதமும் ஏழாம் மாதக் கடிதமும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. முதலமைச்சர் செய்தியை மெதுவாகத்தான் சொன்னேன். லிச்சியைக் கொட்டை எடுத்துத்தான் வைத்தேன்.

அப்பா எப்படி இருக்கிறார் என்று விசாரித்திருக்கிறாய். அவருக்கு இப்போது இருமல் இல்லை. ஒரு தொந்தரவும் இல்லை.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். முன்பெல்லாம் ஒவ்வொரு கடிதத்திலும் ‘வர வேண்டும், பார்க்க வேண்டும்’ என்று எழுதுவாய். படித்துப் படித்து எனக்கே அலுத்துப்போகும். ஏழாம் மாதக் கடிதத்தில் அது எங்கே போனது? நான்கு முறை தேடிப் பார்த்தேன். லிச்சி இருக்கிறது, கொட்டகை இருக்கிறது, மோவின் மகள்கூட இருக்கிறாள்.

போகட்டும். எதிர்வீட்டு அம்மாள் நேற்று வந்து, “இவ்வளவு பெரிய வீட்ல ஒண்டியா எப்படிம்மா இருக்கே?” என்று கேட்டாள். என்ன கேள்வி பார். வேலை இருக்கிறது, இருக்கிறேன் என்றேன். அவள் போன பிறகு வேலையைத் தேடினேன். ஒன்றும் இல்லை. துடைத்த மேசையையே மறுபடி துடைத்தேன்.

குருவிகள் போய்விட்டன. தச்சர் காவ் எப்போது மாற்றுவது என்று கேட்கிறார். பிள்ளை வரட்டும் என்றேன்.

பனி விழட்டும். அப்போது எழுத வேண்டியதை எழுதுகிறேன்.

அக்கா

*

லெய்ஜோவ்
பத்தாம் மாதம், எட்டாம் நாள்

அக்கா,

நீ பனிக்காகக் காத்திருக்க வேண்டாம். எனக்குத் தெரியும். ஆறாம் மாதம் இருபத்தெட்டாம் தேதியிலிருந்து தெரியும்.

உன் நான்காம் மாதக் கடிதத்தில் உத்திரம் என்ற எழுத்து இரண்டு இடத்தில் வந்தது. தச்சர் முட்டுக் கொடுத்த இடத்தில் முழுதாக எழுதியிருந்தாய். குருவி கூடு கட்டிய இடத்தில் கடைசிக் கோடு இல்லை. வலப்பக்கம் இறங்க வேண்டிய கோடு. மை காய்ந்த தூரிகையோ என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். தூரிகை அங்கே படவே இல்லை. நீ கவனமாக மறைத்து எழுதியிருக்கிறாய், கை தவறிக் காட்டிக்கொடுத்துவிட்டது என்று புரிந்தது. அந்தக் கவிதையும் அப்பாவுடையது இல்லை. அவர் ஆயுளில் அரசர் கருணை இல்லாமல் நாலு வரி எழுதியதில்லை.

அன்றே நான் பதவியை விட்டுவிட்டுத் துக்கத்துக்குரிய சணல் உடை உடுத்தியிருக்க வேண்டும். நான்கு நாள் உட்கார்ந்து யோசித்தேன். அக்கா வாயால் சொல்லவில்லை. எழுத்தால் சொல்லவில்லை. ஒரு கோடு இல்லாதது ஒரு செய்தி ஆகுமா? நான் பார்க்கவில்லை என்று வைத்துக்கொண்டால் யாருக்குத் தெரியப் போகிறது? தெரியும் என்று சொன்னால் பட்டியலிலிருந்து பெயர் போகும். இருபத்தேழு மாதம் கழித்து என்னை யார் நினைப்பார்கள்? இப்படியெல்லாம் யோசித்தேன். பிறகு உட்கார்ந்து லிச்சி, கொட்டகை என்று எழுதினேன். இல்லாத அப்பாவை நலம் விசாரித்தேன்.

எவன் என்ன செய்வானோ என்று பயப்படாமல் எட்டு வரி எழுதியவன் நான் என்று எனக்கு ஒரு கர்வம் உண்டு. அந்தக் கர்வத்தை வைத்துக்கொண்டுதான் இங்கே ஐந்து வருடம் ஓட்டினேன். இந்த மூன்று மாதத்தில் அது போய்விட்டது.

ஆணை ஐந்து நாளைக்கு முன் வந்தது. சுவடிச்சாலை, பழைய பதவிக்கு ஒரு படி மேல். மோ ஊரையே கூட்டிவிட்டான். மறுநாள் குடும்பப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு வந்தான். உனக்குத் தெரியுமே, பதவி ஏற்குமுன் மூன்று தலைமுறைப் பெயரையும் அவரவர் கையால் எழுதி, ஒவ்வொரு பெயருக்கும் கீழே இருக்கிறார், இல்லை என்று குறிக்க வேண்டும். கொள்ளுத்தாத்தா பெயரை எழுதினேன், ஒரு கோடு குறைத்து. தாத்தாவின் பனித்துளி, அதிலும் ஒரு கோடு குறைத்து. உன் திட்டை நினைத்துக்கொண்டேன். பிறகு உத்திரம்.

எல்லாக் கோடும் போட்டேன். கடைசிக் கோடு மட்டும் மிச்சம். ஒரே கோடு, அக்கா. இறக்கிவிட்டால் தலைநகரம். கை நின்றுவிட்டது. நான் நிறுத்தவில்லை. இறக்கத்தான் பார்த்தேன். இறங்கவில்லை.

“மை காயுது ஐயா,” என்றான் மோ.

நான் தூரிகையைக் கீழே வைத்தேன். அவன் எட்டிப் பார்த்தான். “கடைசிக் கோடு விட்டுப்போச்சே.”

“விட்டுப்போகல.”

அவன் பத்திரத்தை ஓரமாக நகர்த்தினான். பிறகு பக்கத்தில் உட்கார்ந்தான். ஐந்து வருடத்தில் அவன் என் பக்கத்தில் உட்கார்ந்ததில்லை. “எப்பங்கய்யா?”

“அப்பா எப்பப் போனார்னு எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிஞ்சு மூணு மாசத்துக்கு மேல ஆச்சு.”

“ரெண்டாவதா சொன்னது என் காதுல விழல,” என்றான் மோ. “சேதி இன்னைக்குத்தான் வந்துச்சுன்னு போட்டுக்கிறேன். துக்கத்துக்குப் போயிட்டு வாங்க. பேரு நிக்கும். உங்களுக்கும் நல்லது, எனக்கும் தலவலி இல்ல.”

நல்ல யோசனைதான். நான் பேசாமல் இருந்திருந்தாலே போதும். பேசாமல் இருப்பதில் எனக்கு இப்போது நல்ல பழக்கம். ஆனால் அவன் தேதி எழுதக் குனிந்தபோது, நான் தூரிகையை வாங்கி ஆறாம் மாதம் இருபத்தெட்டு என்று எழுதிவிட்டேன்.

மோவுக்குக் கோபம் வந்துவிட்டது. “கவித எழுதி ஒரு தடவ கெட்டீங்க. இப்பத் தேதி எழுதிக் கெடப் போறீங்களா? அப்படி என்னதான்யா எழுத்து எழுதுறீங்க நீங்கல்லாம்?”

ஆணை திரும்பப் போய்விட்டது. துக்கத்தை மறைத்ததற்காக என் பெயரை அதிகாரிகள் ஏட்டிலிருந்தே எடுத்துவிடுவார்கள். அடி இல்லாமல் விட்டால் அதுவே பெரிது என்று இங்கே பேசிக்கொள்கிறார்கள். ஆளுநர் நல்லவர். முடிவு வரும்வரை ஊருக்குப் போய் இரு என்று விட்டுவிட்டார்.

நாளை கிளம்புகிறேன். மோ இன்று மாலையே வழியனுப்ப வந்து, பழக்கதோஷத்தில் வெற்றிலையை நீட்டினான். துக்கக்காரன் போடக்கூடாது என்று நினைவு வந்து, தானே வாயில் போட்டுக்கொண்டான்.

இந்தக் கடிதம் வேகப் படகில் எனக்கு முன்னால் வரும். கணவாயைத் தாண்டியதும் வடக்கு அடிவாரச் சத்திரத்தில் இரண்டு மூன்று நாள் தங்க வேண்டியிருக்கும். ஒரு வரி அங்கே எழுது. திட்டியாவது எழுது. எதுவும் எழுதாமல் மட்டும் இருக்காதே.

ஷுவோ

*

ஹூஜோவ்
பதினோராம் மாதம், இருபதாம் நாள்

மூணாமவனுக்கு, கணவாய் அடிவாரச் சத்திரத்தில்,

அப்பா மூன்றாம் மாதம் இருபத்தொன்பதாம் தேதி போனார். காலையில் அரைக் கிண்ணம் கஞ்சி குடித்தார். தெற்கேயிருந்து படகு ஏதாவது வந்ததா என்று கேட்டார். இல்லை என்றேன். “வரும்,” என்று சொல்லிக் கண்ணை மூடினார். நான் கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டு வந்து பார்த்தேன், அவ்வளவுதான். அதற்கு முந்தின நாள்கூடச் சத்தியத்தை ஞாபகப்படுத்தினார். பனி விழும்வரை உன்னிடம் சொல்லக்கூடாது.

ஒன்றை மட்டும் திருத்துகிறேன். கை தவறிக் காட்டிக்கொடுத்தது என்று எழுதியிருக்கிறாய். கை தவறியது உண்மைதான். முதல் உத்திரத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு முழுதாக எழுதினேன். இரண்டாவதில் கை தானாக நின்றுவிட்டது. ஆனால் மை உலர்த்தும்போதே நான் அதைப் பார்த்துவிட்டேன். ஒரு கோடு போட எவ்வளவு நேரமாகும்? நான் போடவில்லை. அப்படியே மடித்து முத்திரை வைத்தேன். படகுக்காரர் படித்துறையில் தேநீர் குடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். ஓடிப்போய் வாங்கியிருக்கலாம். வாங்கவில்லை.

காய்ச்சல் உன்னைக் கொண்டுபோகும் என்று தெரிந்தே அனுப்பினேன். அப்பாவுக்குக் கொடுத்த வாக்கை நான் மீறவில்லை, எழுத்துத்தான் மீறியது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உன்னைப் பற்றிக் கவலைப்படுகிற அக்காவாக இருந்திருந்தால் அந்தக் கோட்டைப் போட்டிருப்பேன். எனக்கு இந்த வீட்டில் தனியாக இருக்க முடியவில்லை. அதுதான் காரணம்.

அதன் பிறகு உன் பதிலுக்காக நாள் பார்த்தேன். கடிதமே வராது, நீயே வந்து நிற்பாய் என்று நினைத்தேன். லிச்சி வந்தது. கூட வந்த கடிதத்தைப் பிரித்துப் பார்த்தவுடன் உனக்குத் தெரியும் என்று தெரிந்துவிட்டது. ‘கை மாறும்போலும்’ என்று எழுதியிருந்தாயே, அந்த ‘போலும்’ போதும். உன்னை வளர்த்தவள் நான். தெரிந்துகொண்டும் வரவில்லை என்று அன்று கதவைச் சாத்திக்கொண்டு உன்னை என்னென்னவோ சொல்லித் திட்டினேன். எழுதக்கூடிய வார்த்தைகள் இல்லை.

பதவியை விட்டாய், உண்மைத் தேதி எழுதினாய் என்று ஊரில் உன்னைப் புகழ்வார்கள். இங்கே இரண்டு பேர் ஏற்கெனவே கவிதை எழுத ஆரம்பித்துவிட்டார்கள். நான் புகழமாட்டேன். நீ மூன்று மாதம் தாமதம். நானும் ஒன்றும் யோக்கியம் இல்லை. இதைப் பற்றி இனி நாம் பேச வேண்டாம்.

அப்பா கூடத்தில் இருக்கிறார். நீ வராமல் அடக்கம் செய்யக்கூடாது என்று நானே சொல்லிவிட்டேன். மாதம் ஒருமுறை பெட்டிக்கு அரக்கு பூசுகிறேன். நலம் விசாரித்து நீ எழுதிய கடிதத்தை அதன் முன்னால் உட்கார்ந்து வாசித்தேன். அந்த லிச்சி வரியையும் வாசித்தேன். என்ன செய்வது, அவருக்கு எழுதியதாயிற்றே.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், நேரில் சொல்ல வாய் வராது. பத்தாம் மாதம் முதல் பனி விழுந்த அன்று, உனக்கு எழுத உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. எழுந்து கூடத்துக்குப் போய், உத்திரத்துக்குக் கீழே நின்று, அப்பாவின் பெயரை வாய்விட்டுச் சொன்னேன். ஐம்பத்து நான்கு வயதில் முதல் முறை. சின்ன வயதில் ஒருமுறை தெரியாமல் பாதி சொன்னதற்கு வாயில் ஒரு அடி விழுந்தது ஞாபகம் இருக்கிறது. முழுதாகச் சொன்னேன். பிறகு சத்தமாகச் சொன்னேன்.

வீட்டில் யாரும் என்னை அதட்டவில்லை.

சீக்கிரம் வா. வந்து அதட்டு.

அக்கா